ஓய்வு பெற்ற குதிரைக்கு இன்சூரன்ஸ் அவசியமா?

சென்ற மாதம் நமது சங்க அலுவலகத்துக்கு ஓர் உறுப்பினர் வந்திருந்தார். மளிகைக் கடையும் ஒரு குதிரை வண்டியும் வைத்து முன்னுக்கு வந்த குடும்பம். மண்டியிலிருந்து கடைக்குச் சரக்கு ஏற்றி வந்ததும், மற்ற நேரத்தில் வாடகைக்கு ஓடியதும் அந்த வண்டிதான். ஆட்டோவும் 'குட்டி யானை'யும் வந்த பிறகு வண்டி நின்றுவிட்டது. குதிரை மட்டும் கடைக்குப் பின்னால் கொட்டகையில் நிற்கிறது. வயது இருபதை ஒட்டியிருக்கும்.

"அண்ணாச்சி, இதுக்கு இன்சூரன்ஸ் போட்டு வைங்கன்னு ஏஜெண்டு சொல்றாரு. போடலாமா, வேண்டாமா?" என்று கேட்டார்.

இது அவர் ஒருவருடைய கேள்வி அல்ல. பழனி அடிவாரத்து ஜட்கா வண்டிக்காரர், ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சவாரிக் குதிரை விடுபவர், ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் ஆசைப்பட்டுக் குதிரை வாங்கியவர் என எல்லோரும் ஒருநாள் இதைக் கேட்டாக வேண்டும். குதிரை நல்ல பராமரிப்பில் 25 முதல் 30 வருடம் வரை வாழும் பிராணி. வேலை செய்யும் காலம் முடிந்த பிறகும் பல வருடம் அது உயிரோடு இருக்கும். அந்த வருடங்களுக்கு என்ன ஏற்பாடு என்பதே இங்கே விஷயம். குதிரை இல்லாத வியாபாரிகளும் இதைப் படிக்கலாம். பழைய வண்டி, பழைய இயந்திரம் எதற்கும் இதே கணக்குதான் பொருந்தும்.

இன்சூரன்ஸ் எதற்காக?

வியாபாரத்தில் செலவுகள் இரண்டு வகை. ஒன்று, வந்தே தீரும் செலவு. கடை வாடகை, கூலி, மின்கட்டணம் போன்றவை. இதற்கு நாம் மாதாமாதம் பணம் ஒதுக்குகிறோம். மற்றொன்று, வருமோ வராதோ என்று தெரியாத, ஆனால் வந்தால் தொழிலையே சாய்த்துவிடும் செலவு. கிட்டங்கி தீப்பிடிப்பது, வெள்ளம் புகுவது போன்றவை. இன்சூரன்ஸ் இந்த இரண்டாவது வகைக்காக ஏற்பட்டது.

வேலை செய்யும் இளங்குதிரை திடீரென்று இறப்பது இரண்டாவது வகையைச் சேர்ந்தது. முதலும் போகும், தினசரி வருமானமும் போகும். ஆகவே அந்தப் பருவத்தில் இன்சூரன்ஸ் செய்வது புத்திசாலித்தனம். இருபது வயதுக் குதிரையின் சாவு அப்படிப்பட்டதல்ல. என்றைக்கு என்பதுதான் தெரியாது; இன்னும் சில வருடத்துக்குள் வரும் என்பது தெரியும். நிச்சயமாக வரப்போகும் ஒன்றுக்கு எந்த நிறுவனமும் குறைந்த பிரீமியத்தில் பொறுப்பேற்காது. ஏற்றாலும் நமது பணத்தைத்தான் செலவு பிடித்துக்கொண்டு நமக்குத் திருப்பித் தரும்.

சந்தை விலை என்னும் முடிச்சு

'யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்' என்பார்கள். குதிரைக்கு அப்படி இல்லை. கால்நடை இன்சூரன்ஸ் பாலிசிகளில் ஒரு முக்கிய விதி உண்டு. காப்புத்தொகை, நோய் வருவதற்கு முன் இருந்த சந்தை விலை ஆகிய இரண்டில் எது குறைவோ அதுவே நஷ்ட ஈடாகக் கிடைக்கும். பாலிசியில் பெரிய தொகை எழுதியிருப்பதால் மட்டும் அது கைக்கு வந்துவிடாது.

ஓர் உதாரணக் கணக்கு. (இத்தொகைகள் விளங்குவதற்காக மட்டுமே.) 8 வயதில் ரூ. 60,000 பெறுமான குதிரைக்கு 5 சதவீத வீதத்தில் பிரீமியம் ரூ. 3,000. அந்த வருடம் குதிரை இறந்தால் ரூ. 60,000 கிடைக்கும். இது நியாயமான பேரம். அதே குதிரைக்கு 20 வயது. அதே தொகைக்கே பாலிசியைப் புதுப்பித்து வருகிறோம் என்று வைத்துக்கொள்வோம். சந்தையில் அதை ரூ. 8,000-க்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள். இறந்தால் கிடைப்பது அந்த ரூ. 8,000 மட்டுமே. ரூ. 8,000-க்காக வருடத்துக்கு ரூ. 3,000 கட்டினால் மூன்றாவது வருடத்திலேயே கைமுதல் நஷ்டம்.

அப்படியானால் காப்புத்தொகையை ரூ. 8,000 ஆகக் குறைத்துக்கொண்டால் என்ன? பிரீமியம் குறையும். ஆனால் ரூ. 8,000 நஷ்டத்தைத் தாங்க முடியாத நிலையில் நாம் இருக்கிறோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு மூட்டைச் சரக்கு கெட்டுப்போனால் தாங்குகிறவர் இதையும் தாங்குவார்.

இதில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நிரந்தர முழு ஊனத்துக்கான கூடுதல் காப்பு சில பாலிசிகளில் உண்டு. வேலை செய்ய முடியாமல் போவதற்கு ஈடு தருவது அது. ஏற்கெனவே வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட குதிரைக்கு அந்தக் காப்பினால் பயனில்லை. பாலிசியில் அது சேர்ந்திருந்தால் நீக்கிவிடச் சொல்லலாம்.

வயதைக் குறைத்துச் சொன்னால் வரும் வினை

ஒவ்வொரு பாலிசியிலும் வயது வரம்பு அச்சிடப்பட்டிருக்கும். அது வேலை செய்யும் பருவத்தை வைத்து வகுக்கப்பட்டது. வயது கூடிய குதிரைக்குப் பாலிசி கிடைக்காதபோது, "வயசைக் கொஞ்சம் குறைச்சுப் போட்டுக்கலாம்" என்று யாராவது யோசனை சொல்லக்கூடும். தயவுசெய்து அந்த வழியில் போகாதீர்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு சவாரிக் குதிரைக்காரருக்கு நேர்ந்தது இது. சந்தையில் 8 வயது என்று சொல்லி விற்ற குதிரையை வாங்கினார். அதே வயதை எழுதிப் பாலிசியும் எடுத்தார். குதிரை வயிற்று வலி கண்டு ஒரே இரவில் இறந்தது. பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் பல்லைப் பார்த்து வயது 15-க்குக் குறையாது என்று எழுதினார். நிறுவனம் நஷ்ட ஈட்டை மறுத்துவிட்டது. அவர் பொய் சொல்ல நினைக்கவில்லை. விற்றவன் சொன்னதை நம்பினார். ஆனால் கையெழுத்து அவருடையது. இன்சூரன்ஸ் ஒப்பந்தம் முழு நம்பிக்கையின் பேரில் ஏற்படுவது. முக்கியமான விவரம் தவறாக இருந்தால் ஒப்பந்தமே ஆட்டம் கண்டுவிடும்.

தானமாக வந்த மாட்டைப் பல் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். காசு கொடுத்து வாங்கிய குதிரையை அவசியம் பார்க்க வேண்டும். குதிரைக்கு ஏறக்குறைய 5 வயதில் நிலைத்த முன்பற்கள் எல்லாம் முளைத்துவிடும். அதன் பிறகு தேய்மானத்தை வைத்து வயதைக் கணிக்கிறார்கள். மேல்தாடையில் முன்பல் வரிசையின் ஓரப்பல்லில் ஒரு நீண்ட பள்ளம் விழும். கால்வெயின் பள்ளம் என்று இதற்குப் பெயர். ஏறக்குறைய 10 வயதில் ஈறு ஓரத்தில் தோன்றி, 15 வயதில் பல்லின் பாதி வரையும், 20 வயதில் பல் முழுவதும் இறங்கும். பிறகு மேலிருந்து மறையத் தொடங்கும். இது மதிப்பீடுதான், ஒன்றிரண்டு வருடம் முன்பின் ஆகலாம். ஆனால் 15-ஐ 8 என்று சொல்லித் தப்ப முடியாது.

அடையாளமும் இதுபோல் முக்கியம். மாட்டுக்குக் காதில் வில்லை போடுகிறார்கள். வில்லை இல்லையென்றால் நஷ்ட ஈடும் இல்லை. குதிரைக்கு நிறம், நெற்றி வெள்ளை, கால் வெள்ளை, சுழி ஆகியவற்றை மருத்துவர் சான்றிதழில் குறிப்பார். மைக்ரோ சிப் பொருத்துவதும் உண்டு. நம்மவர்கள் ராசி பார்த்த அதே சுழி, ஒரு குதிரையை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளமாகவும் உதவுகிறது. எந்தச் சுழி எங்கே இருக்கிறது என்பது சான்றிதழில் சரியாக இருக்கிறதா என்று நேரில் ஒப்பிட்டுப் பாருங்கள். நாலு பக்கமும் புகைப்படம் எடுத்துத் தேதி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எவற்றுக்குக் கிடைக்காது?

கால்நடை பாலிசிகளில் பொதுவாக விலக்கப்பட்டிருப்பவை இவை:

1. பாலிசி தொடங்கும் முன்பே இருந்த நோய். கிழக் குதிரைக்கு மூட்டு வலி, குளம்புக் கோளாறு, பல் தேய்வு என்று ஏதாவது ஒன்று முன்பே இருக்கும். இதுதான் பெரிய தடை.

2. பாலிசி தொடங்கி முதல் 15 நாட்களுக்குள் வரும் நோய்.

3. கவனக்குறைவு, அதிக பாரம் ஏற்றுதல், தகுதியற்றவர் செய்த வைத்தியம்.

4. திருட்டு, காணாமற்போதல், ரகசிய விற்பனை.

5. வேண்டுமென்றே கொல்லுதல். தீராத வேதனையில் இருக்கும் பிராணியை விடுவிக்க மருத்துவர் எழுத்தில் சான்று தந்தால், அல்லது அரசு உத்தரவிட்டால் மட்டும் விலக்கு உண்டு.

கடைசி விதியைக் கிழக் குதிரை வைத்திருப்பவர்கள் மனதில் கொள்ள வேண்டும். பல முதிய குதிரைகளின் முடிவு மருத்துவரின் ஊசியில்தான் அமைகிறது. பாலிசி இருந்தால், நிலைமை அனுமதிக்கும் வரையில் முன்கூட்டியே நிறுவனத்துக்குத் தகவல் தந்து, சான்றிதழ் பெற்ற பிறகே சம்மதம் கொடுங்கள்.

மேலும், வைத்தியச் செலவு. சாதாரணக் கால்நடை பாலிசி சாவுக்கு ஈடு தருவது. மருந்து, ஊசி, மருத்துவர் கட்டணம் ஆகியவற்றுக்கு அதில் இடம் உண்டு என்று எண்ணிவிடக் கூடாது. ஓய்வு பெற்ற குதிரைக்கு அதிகம் ஆகும் செலவோ வைத்தியமும் தீவனமும்தான்.

அரசின் தேசியக் கால்நடை இயக்கத்தில் பிரீமிய மானியத்துடன் கூடிய இன்சூரன்ஸ் திட்டம் இருக்கிறது. சுமை இழுக்கும் குதிரை, கழுதை, கோவேறு கழுதை ஆகியவையும் இதில் அடங்கும். 2024-இல் செய்த மாற்றத்தின்படி பயனாளியின் பங்கு பிரீமியத்தில் 15 சதவீதம். மீதியை மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன. வேலை செய்யும் குதிரை வைத்திருப்பவர்கள் கால்நடை பராமரிப்புத் துறை மருத்துவமனையில் விசாரித்துப் பயன்பெற வேண்டும். ஓய்வு பெற்ற குதிரையாக இருந்தால் வயதையும் நிலையையும் மறைக்காமல் சொல்லிக் கேட்க வேண்டும்.

பிறருக்கு ஏற்படும் நஷ்டம்

இதுவரை சொன்னது குதிரை இறந்தால் நமக்கு ஏற்படும் நஷ்டம். குதிரையால் பிறருக்கு ஏற்படும் நஷ்டம் வேறு. அதைத்தான் பலரும் யோசிப்பதில்லை.

கயிற்றை அறுத்துக்கொண்டு குதிரை இரவில் சாலைக்கு வருகிறது. மோட்டார் சைக்கிளில் வந்தவர் மோதி விழுகிறார். மோட்டார் வாகனத்துக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் சட்டப்படி கட்டாயம். குதிரைக்கு அப்படி எதுவும் இல்லை. இன்சூரன்ஸ் கட்டாயம் இல்லையே தவிர, பொறுப்பு உண்டு. சிவில் கோர்ட்டில் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போடலாம். பிராணியைக் கவனக்குறைவாக வைத்திருந்தால் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது ரூ. 5,000 வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

இந்த நஷ்டத்துக்குக் குதிரையின் வயதோ விலையோ அளவுகோல் ஆகாது. ரூ. 8,000 பெறுமான குதிரை பல லட்ச ரூபாய்ப் பொறுப்பைக் கொண்டுவந்து சேர்க்கும். இங்கிலாந்தில் ஓய்வு பெற்ற குதிரைகளைப் பல வருடம் வைத்துப் பராமரிக்கும் வழக்கம் அதிகம். ஆகவே இந்தப் பிரச்சினை அங்கே முன்பே கோர்ட் வரை போயிருக்கிறது. எதற்கோ மிரண்டு வயலைவிட்டு ஓடி வந்த குதிரைகளால் கார் ஓட்டி வந்தவர் படுகாயம் அடைந்த வழக்கில், சொந்தக்காரர்கள் மீது கவனக்குறைவு நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் அந்நாட்டின் 1971-ஆம் வருட விலங்குகள் சட்டப்படி அவர்களே பொறுப்பு என்று அப்போதைய உச்ச நீதி அமைப்பான பிரபுக்கள் சபை 2003-இல் 3-க்கு 2 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அந்தச் சட்டம் நம் நாட்டுக்குப் பொருந்தாது. ஆனால் அங்கே குதிரை கிழமான பிறகு சாவுக்கான காப்பைக் கைவிடுகிறவர்கள்கூட, பிறருக்கான பொறுப்புக் காப்பைக் கைவிடக் கூடாது என்பதற்கு இது நல்ல பாடம்.

நம் வியாபாரிகள் பலர் கடைக்காரர்களுக்கான தொகுப்பு பாலிசி எடுத்திருக்கிறார்கள். தீ, திருட்டு, ரொக்கம் ஆகியவற்றோடு பொதுமக்கள் பொறுப்பு என்ற பிரிவும் அதில் உண்டு. உங்கள் குதிரையால் வரும் பொறுப்பு அந்தப் பிரிவில் அடங்குமா, கடை எல்லைக்கு வெளியே நடந்தாலும் அடங்குமா, தனியாகச் சேர்க்க என்ன கட்டணம் என்று நிறுவனத்தை எழுத்து மூலமாகக் கேளுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்ப வேண்டாம். பதில் கடிதத்தைப் பாலிசியுடன் சேர்த்துக் கோப்பில் வையுங்கள்.

இதோடு ஒரு நல்ல வேலியும், உறுதியான கதவும், இரவில் பூட்டும் போட்டுவிட்டால் அதைவிடச் சிறந்த பாதுகாப்பு இல்லை.

குதிரைக்கென்று ஒரு நிதி

சாவுக்கு இன்சூரன்ஸ் வேண்டாம் என்று முடிவு செய்தால், அந்தப் பிரீமியத்தைக் கல்லாவில் கலந்துவிடக் கூடாது. கலந்தால் காணாமல் போகும். குதிரையின் பேரில் வங்கியில் ஒரு தொடர் வைப்புக் கணக்கு தொடங்குங்கள். மாதம் ரூ. 1,000 போட்டால் இரண்டு வருடத்தில் அசல் மட்டும் ரூ. 24,000. வயதை யாரும் கேட்கமாட்டார்கள், முன்பே இருந்த நோய் என்று யாரும் மறுக்கமாட்டார்கள். குதிரை நல்லபடியாக இருந்தால் பணமும் நமதே.

அந்த நிதி எதற்கெல்லாம்?

தீவனம்: குதிரை தன் எடையில் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் வரை உலர்தீவனக் கணக்கில் தினமும் தின்னும். 300 கிலோ எடையுள்ள நாட்டுக் குதிரைக்கு தினம் நாலரை முதல் ஆறு கிலோ. மாதத்துக்கு 135 முதல் 180 கிலோ. உங்கள் ஊர் விலையில் பெருக்கிப் பாருங்கள். பல் தேய்ந்த குதிரைக்குக் கொள்ளை ஊறவைத்து வேகவைத்துத் தர வேண்டும். தவிட்டை ஈரமாகப் பிசைந்து தர வேண்டும். கடையில் மிஞ்சிய பூஞ்சைப் பிடித்த தானியத்தைப் போடவே கூடாது. அது வயிற்று வலிக்கு நேர்வழி.

வைத்தியம்: வருடம் ஒருமுறையாவது பல்லை மருத்துவரிடம் காட்டிக் கூர்முனைகளை ராவிவிட வேண்டும். குளம்பு வெட்டுவதும், குடற்புழு மருந்தும் தவறக் கூடாது. டெட்டனஸ் நோய் குதிரையை எளிதில் பிடிக்கும், தடுப்பூசி அவசியம். சென்னையைச் சுற்றியுள்ளவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

முடிவுச் செலவு: இதைப் பேச யாருக்கும் மனம் வராது. ஆனால் குதிரையைப் புதைக்க ஆழமான குழி வேண்டும், மண்வெட்டியால் ஆகாது. ஜே.சி.பி. வாடகை, இடம், எடுத்துச் செல்லும் வண்டி எல்லாம் செலவு. இது நிச்சயமான செலவு என்பதால் முதல் வருடமே ஒதுக்கிவிடுவது நல்லது.

செலவுக்குப் பயந்து குதிரையைத் தெருவில் அவிழ்த்து விடுவது வழியாகாது. பட்டினியால் வாடும்படி பிராணியைக் கைவிடுவதும், வயதாலோ நோயாலோ தளர்ந்த பிராணியை வேலை வாங்குவதும் 1960-ஆம் வருட பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி குற்றம்.

வருமான வரி குறித்தும் ஒரு வார்த்தை. வியாபாரத்துக்குப் பயன்பட்ட பிராணி (விற்பனைச் சரக்காக வைத்தது அல்ல) இறந்தாலோ, நிரந்தரமாகப் பயனற்றுப் போனாலோ, அதன் அசல் விலையிலிருந்து அதற்குக் கிடைத்த தொகை போக மீதியைச் செலவாகக் கழிக்க 1961-ஆம் வருடச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு இடமளித்தது. 1-4-2026 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ஆம் வருடச் சட்டம் என்பதால், எந்த வருடக் கணக்கு என்று சொல்லி உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கிய ரசீது இருந்தால்தான் இது பயன்படும்.

முடிவு செய்யும் முன் ஐந்து கேள்விகள்

1. இன்றைக்குச் சந்தையில் இந்தக் குதிரை என்ன விலை போகும்?

2. அந்தத் தொகை போனால் என்னால் தாங்க முடியுமா?

3. உண்மையான வயதுக்கும், இருக்கும் நோய்களுக்கும் பாலிசி இடம் தருகிறதா?

4. பிரீமியம் மூன்று வருடத்தில் எவ்வளவு ஆகும்? கிடைக்கும் தொகையைவிட அது அதிகமா?

5. குதிரையால் பிறருக்குத் தீங்கு நேர்ந்தால் யார் கொடுப்பது?

குதிரை இன்னும் வேலை செய்து சம்பாதிக்கிறது, அல்லது நல்ல ஜாதிக் குதிரை, இனவிருத்திக்குப் பயன்பட்டு விலை குறையாமல் இருக்கிறது என்றால், வயது வரம்புக்குள் இருக்கும் வரை இன்சூரன்ஸ் தொடரலாம். அப்படித் தொடர்பவர்கள் நோய் கண்டவுடன் மருத்துவரை அழைத்து, நிறுவனத்துக்கு உடனே தகவல் தந்து, இறந்தால் பிரேதப் பரிசோதனைக்கு முன் புதைக்காமல் இருக்க வேண்டும். நியாயமான நஷ்ட ஈடு மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்துக்கு எழுதி, ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர் அலுவலகத்தை அணுகலாம்.

நம் உறுப்பினரும் இந்த ஐந்து கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தார். சாவுக்கான பாலிசி வேண்டாம் என்று முடிவு செய்தார். மறுநாளே தொடர் வைப்புக் கணக்கு தொடங்கினார். கடை பாலிசியில் பொறுப்புக் காப்பு பற்றிக் கேட்டுக் கடிதம் போட்டார். கொட்டகைக்குப் புதிய கதவுக்கு ஆசாரியிடம் சொல்லியிருக்கிறார்.

போகும்போது, "எங்கப்பா காலத்துல கடை நின்னதே இது இழுத்த சரக்குலதான், அண்ணாச்சி. இதுக்கு மாசம் ஆயிரம் ரூபா பெருசில்ல" என்றார். வேலை செய்தவனுக்கு ஓய்வூதியம் கொடுப்பது நல்ல முதலாளிக்கு அழகு. அந்த ஓய்வூதியத்தை இன்சூரன்ஸ் நிறுவனம் கொடுக்காது. நாம்தான் கொடுக்க வேண்டும்.